சாவி கைமாறிய ஞாயிறு

திருநெல்வேலியில் ஏறிய ரயில் குர்லாவில் என்னை இறக்கிவிட்டபோது சனிக்கிழமை மாலை ஆகியிருந்தது. பெரியப்பா மகன் செல்வராஜ் அண்ணன் அழைத்துப்போக வந்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செம்பூரில் சொந்த வீடு. அவர் வளர்ந்த தாராவிச் சந்து வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கே போவோம். அங்க மீட்டிங் இருக்கு" என்றார். முகம் இறுகியிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஏழு கிலோமீட்டர் தூரம்தான். சயானில் நெரிசலில் நின்றதால் நூற்றைம்பது ரூபாய் ஆகிவிட்டது. போகிற வழியில் விவரம் சொன்னார். சந்தின் கமிட்டிச் செயலாளர் அவர்தான்; பொதுத் தண்ணீர் மோட்டார் அறையின் சாவியும் அவரிடம்தான். ஒரு காலத்தில் அங்கே எல்லா வீடும் திருநெல்வேலிக்காரர்கள் வீடு. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும் ஒவ்வொரு குடும்பமாகச் செம்பூர், காட்கோபர் என்று கிளம்பிவிட்டது. சிலர் வீட்டை விற்றார்கள், சிலர் வாடகைக்கு விட்டார்கள். வந்தவர்கள் பீகார், உத்தரப்பிரதேசத்துக்காரர்கள். இப்போது அவர்களில் வீடு வாங்கிய சுனிதா என்ற பெண், இன்றைய கூட்டத்தில் செயலாளர் தேர்தலுக்கு நிற்கிறாள். "எல்லாம் நம்ம ஆளுக கட்டுனது" என்றார் அண்ணன்.

தாராவியின் பெரிய வீதியான தொண்ணூறு அடிச் சாலையில் இறங்கி நடந்தோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. இருபுறமும் தையல் இயந்திரங்களின் ஓசை. அண்ணனின் தங்கை எஸ்தர் அக்கா மட்டும் இன்னும் இங்கேயே இருக்கிறார். பாந்த்ராவில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு மேற்பார்வை வேலை. எனக்குத் தேநீர் கொடுத்தார். அண்ணனிடம் அதிகம் பேசவில்லை.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. வெளியே போய்விட்ட வீட்டுக்காரர்கள் சலவைச் சட்டையோடு ஒருபுறம் நின்றார்கள். சந்தில் குடியிருப்பவர்கள் வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் தமிழில் பேசினார். பாதிப் பேருக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் இந்தியில் பேசச் சொன்னார். செம்பூர்க்காரர் ஒருவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். சுனிதா எழுந்து குறுக்கே நின்றாள். நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது எஸ்தர் அக்கா பேசினார்.

"அண்ணே, மோட்டார் கெட்டப்ப ரூம் சாவி ஒன் வீட்டுல இருந்துச்சு. நீ குடும்பத்தோட லோனாவ்லாவுக்கு டூர் போயிருந்த. நான் சுனிதா கொண்டாந்த தண்ணியிலதான் சோறு பொங்குனேன்."

"அதுக்கு? ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா?"

"அடிச்சேன். வந்து பாக்கேன்னு சொன்ன."

அண்ணன் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஓட்டெடுப்பைத் தொடங்கினார். சொந்த வீடு உள்ளவர்கள் மட்டும் கை தூக்க வேண்டும் என்பது விதி. சுனிதாவுக்கு யார் ஆதரவு என்று கேட்டதும் வீடு வாங்கிய வடநாட்டவர்களின் கைகளோடு எஸ்தர் அக்காவின் கையும் உயர்ந்தது. அதைப் பார்த்து, அங்கேயே குடியிருக்கும் மற்றத் தமிழ்க் குடும்பங்களும் கை தூக்கின. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அண்ணன் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துச் சுனிதாவிடம் கொடுத்தார். எது மோட்டாருக்கு, எது தொட்டிக்கு, மழைக்காலத்தில் எந்தப் பூட்டு இறுகும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எல்லாவற்றையும் இந்தியில் சொன்னார்.

எஸ்தர் அக்கா சாப்பிட்டுப் போகச் சொன்னார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "எங்கூடப் பொறந்தவ."

மறுநாள் ஊருக்குத் திரும்பும் ரயிலில், மும்பைக்கு அருகே பிவண்டியில் தச்சு வேலை பார்த்த பீகார்க்காரர் ஒருவர் கல்யாண் நிலையத்தில் மனைவி, கைக்குழந்தையோடு ஏறி என் எதிரே அமர்ந்தார். திருநெல்வேலியில் கூலி அதிகமாம். நான் அந்த ஊர்தான் என்று தெரிந்ததும், தங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வாடகைக்கு வீடு தருவார்களா என்று கேட்டார். அவர் மனைவியும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த தெருக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வடநாட்டவருக்கு வாடகைக்கு விட்ட வீடு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.