பரபரப்பு வெளியே போன பேட்ச்

எங்கள் தொழிற்சாலையில் மரம் ஒட்டும் பசைப் பிரிவு இன்ஜினீயருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பரபரப்பு'. லிஃப்ட் வரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். மறுநாளும் அதையேதான் செய்வார். அவருடைய மனைவிதான் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பசை காய்ச்சும் ரியாக்டரை ஓட்டுகிறவர். எங்களுக்கெல்லாம் அக்கா. நான் பக்கத்து லேபில் பசையின் பதம் பார்க்கிறவன். இடையில் ஒரு கண்ணாடித் தடுப்புதான், பேசுவதெல்லாம் காதில் விழும்.

ஒரு பேட்ச், அதாவது ஒரு தடவை காய்ச்சும் பசை, முடிய ஆகும் நேரத்தைக் குறைத்தே தீருவது என்று பரபரப்பு ஒற்றைக்காலில் நின்றார். மூலப்பொருளை எவ்வளவு வேகமாக ஊற்றலாம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு சூடு வைக்கலாம் என்று மாதக்கணக்காகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். கணக்கில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அவர் அவசரத்தில்தான். பசை உருவாகும்போது தானாகவே சூடேறும். குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால், அந்தக் குளிர்ச்சி ரியாக்டரின் தடித்த சுவரைத் தாண்டி உள்ளே போய்ச் சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும். இதை எங்களுக்குப் படம் போட்டு விளக்கியவரே அவர்தான். ஆனால் திரையில் சூட்டைக் காட்டும் கோடு கொஞ்சம் ஏறிவிட்டால், இன்னும் திற, இன்னும் திற என்று உயிரை வாங்குவார். பிறகு திறந்த தண்ணீரெல்லாம் ஒன்றாக வேலையைக் காட்ட, உள்ளே எல்லாம் குளிர்ந்து, ஊற்றியது பசையாகாமல் ஊற்றியபடியே கிடக்கும். மறுபடி சூடாக்கினால் மொத்தமும் ஒரேயடியாகச் சூடேறிக் கிளம்பும். இப்படி இரண்டு பேட்ச் ரியாக்டருக்குள்ளேயே கட்டிதட்டிப் போயின. வெட்டி எடுத்தவர்கள் திட்டிய திட்டு எனக்கே உறைத்தது.

இன்னொரு வாய்ப்புதான், அதுவும் போனால் வேறு ஊர் விற்பனை அலுவலகத்துக்கு மாற்றம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு இங்கே வேலை, மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். அவர் மட்டும் தனியாகப் போக வேண்டியதுதான். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் லேபுக்கும் நடந்து நடந்து என் வேலையையும் கெடுத்தார்.

மூன்றாவது பேட்ச் ஓடியது. சோதனை பேட்சில் இன்ஜினீயர் சொல்வதை ஆபரேட்டர் செய்தாக வேண்டும் என்பது எங்கள் விதி. கோடு ஏறத் தொடங்கியதும் அக்கா தண்ணீரைத் திறந்தார். கோடு இறங்கவில்லை. அபாய அளவுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. பரபரப்புக்கு வியர்த்தது.

"இன்னும் திற."

"இப்பதான திறந்தேன். உங்க கணக்கு என்ன சொல்லுது?"

"பொறுக்கச் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"தெரியுது. ஆனா முடியல."

"அப்ப வெளிய போங்க. நீங்க இங்க நின்னு சொன்னா நான் செஞ்சுதான் ஆகணும்."

அவர் போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். டிரம் அடுக்கிய முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. சற்று நேரத்தில் கோடு வளைந்து இறங்கி, அவர் கணக்குப்படியே நின்றது. பேட்ச் சீக்கிரமே முடிந்தது. பதமும் பழுதில்லை. நானே ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தேன்.

மேனேஜர் அவரைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த மூச்சில், இதே முறையை நம்முடைய இன்னொரு தொழிற்சாலையிலும் கொண்டுவர வேண்டும், ஒரு வருஷம் அங்கே போய் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். அதுவும் வேறு ஊர்தான். தோற்றாலும் போக வேண்டும், ஜெயித்தாலும் போக வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது.

பரபரப்பு வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டார். யார் எதைக் கேட்டாலும் ஆற அமர யோசித்துப் பதில் சொல்கிறவர் அவர்.

"அவர் போகமாட்டார் சார். அங்க இருக்கறவங்கள இங்க அனுப்புங்க, நாங்க சொல்லித்தரோம்."

மேனேஜர் பரபரப்பைப் பார்த்தார். அவரோ நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.