பிரேமாவின் மாடிப்படியும் உச்சிமாகாளியும்

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது ரிமோட் கனெக்‌ஷன் போய்விட்டால் போன் இரண்டு பேருக்குத்தான் வரும். ஒன்று சீதாலக்ஷ்மியாகிய எனக்கு, இன்னொன்று உச்சிமாகாளிக்கு. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிடுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. வேலை குறைந்தால் யாருக்குக் கசக்கும்?

மலையாள நாட்டுக் கழக்கூட்டத்தில் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. வரைகிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வரைகிறார்கள். அலுவலக சர்வருக்குள் ஆளுக்கொரு வெர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வெர்ச்சுவல் மெஷின் என்றால் பெட்டி இல்லாத கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு லேப்டாப்பிலிருந்து அதற்குள் நுழைந்து வரைய வேண்டும். வரைந்ததெல்லாம் அங்கேயே இருக்கும். அந்த வழி அடைபட்டால் திறந்துவிடுவது எங்கள் இருவரின் வேலை.

உச்சிமாகாளியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலை பஜாருக்கு வந்து பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர். மகன் பள்ளிக்கூடம் போனது முழுக்க மலையாளத்தில். பாலிடெக்னிக் முடித்துவிட்டு எங்களிடம் சேர்ந்தான். எல்லோருக்கும் மாகாளி. பெயரைக் கேட்டு ஆள் எப்படியிருப்பானோ என்று பயந்து பார்த்தால் பூஞ்சையான உடம்பும் மெல்லிய குரலுமாக இருப்பான். நான் ஒரு நாளில் கத்துகிற கத்தலை அவன் ஒரு வருஷத்தில்கூடக் கத்த மாட்டான்.

அவனிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு நெட் சரியில்லை என்று எடுத்த எடுப்பில் அவன் சொன்னதே இல்லை. திரையில் இருப்பதை அப்படியே படிக்கச் சொல்லிக் கேட்பான். அப்புறம் கேபிள், மோடம், அங்கிருந்து வெளியே போகும் வழி, அலுவலகத்து வாசல், கடைசியில் சர்வர் என்று பக்கத்திலிருந்து தூரத்துக்கு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்க மாட்டான். எதையாவது மாற்றுவதற்கு முன் அந்த மெஷினை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வான். ரொம்பத்தான் ஜாக்கிரதை என்று நான் கேலி செய்வதுண்டு.

பிரேமா வித்துராவிலிருந்து வரைகிறவர். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். கணவர் திரவியம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடக்கிறார். புரட்டிப் படுக்க வைக்கவும் சாப்பாடு கொடுக்கவும் பிரேமாவை விட்டால் ஆள் இல்லை. இந்த வேலை வீட்டிலிருந்து நடக்கிறவரைதான் அந்தக் குடும்பம் நடக்கும்.

திடீரென்று அவர் புகார் சொல்ல ஆரம்பித்தார். காலையில் போட்ட மாடிப்படி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போனால் இல்லை. சரி என்று மறுபடி வரைந்தால் மறுநாள் பழைய மாடிப்படி வந்து நிற்கிறது, புதியது காணோம். சில நாள் ஒரு தொந்தரவும் இல்லை. சில நாள் பாஸ்வேர்டையே ஏற்க மாட்டேன் என்கிறது. பிபின் சார்தான் வரைகிற குழுவுக்குத் தலைவர். ஒரு படம் தாமதமானபோது பொறுத்தார், அடுத்ததுக்கு முகம் சுளித்தார். அதற்கடுத்தது பாதியில் நின்றதும், வரையாமலே வரைந்தேன் என்கிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். அடுத்த மாதத்திலிருந்து தினமும் கழக்கூட்டத்துக்கு வந்து வரைய வேண்டும், முடியாது என்றால் நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

மாகாளி அலுவலகத்திலிருந்தே அந்த மெஷினுக்குள் போய்ப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பிரேமா சொன்ன மாடிப்படி மட்டும் அதில் இல்லை. மலையடிவாரம், மழை, நெட் போய்ப் போய் வரும், வரைந்தது சேமிக்கப்படாமல் போயிருக்கும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்றேன் நான். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றான் அவன். அப்படியே கல்லாறு வரை போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம் என்கிற ஆசையில் நானும் கிளம்பினேன்.

கல்லாறாவது மண்ணாவது. காலையிலிருந்து அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததுதான் மிச்சம். மாகாளி மோடத்தின் பின்னால் தலையை விட்டான், கேபிளை மாற்றினான், நெட் ஒரு தடவைகூட அறுபடாமல் ஓடுவதைப் பார்த்தான். பிரேமா பக்கத்தில் நின்று, தான் சேமித்துவிட்டுத்தான் எழுந்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. மாகாளி ஒவ்வொரு முறையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

பிறகு பிரேமா எப்படி உள்ளே நுழைகிறாரோ அப்படியே செய்து காட்டச் சொன்னான். அவர் மெஷினின் பெயரை அடித்து நுழைந்தார். நானும் மாகாளியும் பெயரை அடிப்பதே இல்லை. எந்த மெஷினுக்கு எந்த எண் என்று எங்களுக்கு மனப்பாடம், எண்ணைப் போட்டு நேராகப் போய்விடுவோம். அவன் அந்தப் பெயருக்கு எந்த எண் வருகிறது என்று பார்த்தான். நாற்பத்தொன்று என்று முடிந்தது. அது சரியான எண்தான்.

சாப்பிட்ட பிறகு மறுபடி அதே பெயரை அடிக்கச் சொன்னான். காலையில் எல்லோர் கண் முன்னாலும் வரைந்த சுவர் திரையில் இல்லை. எண் எண்பத்தேழு என்று முடிந்தது. மாகாளியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசல் பக்கம் எழுந்து போனான், நானும் பின்னால் போனேன்.

எண்பத்தேழு அவன் கொடுத்த எண். புது மென்பொருள் போடுவதற்கு முன் பிரேமாவின் மெஷினை வழக்கம்போல நகல் எடுத்திருக்கிறான். சோதனைக் குழுவினர் அதே மாதிரி ஒன்று கேட்டபோது அந்த நகலையே கொடுத்திருக்கிறான். பெயரை மாற்ற மறந்துவிட்டான். அவர்கள் வேண்டும்போது அதை ஓடவிடுவார்கள், வேலை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஓடத் தொடங்கியதும் அது, இந்தப் பெயர் என்னுடையது என்று அலுவலகப் பதிவில் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளும். அது நின்றதும் பெயர் அசலுக்கே திரும்பிவிடும். ஒரு தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கூரியர்காரன் கடைசியாகக் கை தூக்கினவரிடம் கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அப்படி. பிரேமா பாவம், ஒரு நேரம் அசலில் வரைந்திருக்கிறார், ஒரு நேரம் நகலில் வரைந்திருக்கிறார். இரண்டும் ஒரே பெயருக்கு அடித்துக்கொண்டதில் சில நாள் பாஸ்வேர்டும் குழம்பியிருக்கிறது.

நான் குரலைத் தாழ்த்தி அவனிடம் சொன்னேன், "பேசாம அந்த நகலை அணைச்சுடு. ஃபைலையெல்லாம் இந்தப் பக்கம் மாத்திக் குடுத்துடு. நெட்வொர்க்ல ஏதோ கோளாறு, சரியாயிடுத்துன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போறது?"

அவன் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "அப்படிச் சொன்னா அக்கா இத்தன நாளு சொன்னது பொய்யின்னு ஆயிரும்லா மேடம்," என்றான்.

உள்ளே வந்து பிரேமாவின் முன்னாலேயே பிபின் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது என்றுதான் ஆரம்பித்தான். நகல் எடுத்ததும் பெயரை மாற்றாமல் கொடுத்ததும் நான்தான், பிரேமா சேச்சி ஒரு கோடுகூட வரையாமல் விடவில்லை என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னான். பிபின் சாரின் கோபம் அப்படியே அவன் பக்கம் திரும்பியது. எத்தனை படம் தாமதம் தெரியுமா, உன்மேல் மேலிடத்துக்கு எழுதத்தான் போகிறேன் என்றார். எழுதுங்கள் சார் என்றான். ஆனால் சேச்சியைச் சந்தேகப்பட்டது தவறு என்றும் ஒரு வரி அதில் எழுதுங்கள் என்றான். பிறகு பிபின் சார் பிரேமாவிடம் மன்னிப்புக் கேட்டார். அலுவலகத்துக்கு வர வேண்டாம், எப்போதும்போல வீட்டிலிருந்தே வரையலாம் என்றார்.

நான் பொல்லாதவள், ஒருவரையும் லேசில் மெச்ச மாட்டேன். அன்றைக்கு அந்த ஒல்லிப் பையனைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இவனோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மாகாளி எண்ணைப் போட்டு நகலுக்குள் நுழைந்து ஃபோல்டரைத் திறந்து வைத்தான். காணாமல் போன படிகள், சுவர்கள், ஜன்னல்கள் எல்லாம் அங்கே இருந்தன. பிரேமா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தங்கபாய் என்று பெயர். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போய் மாத்திரை டப்பாவை எடுத்தார்.

பிரேமா எழுந்து போய் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். "வேண்டாம்க்கா. இனி நானே குடுக்கேன்," என்றார்.

தங்கபாய்க்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான் புரியவில்லை. பிரேமா எங்கள் பக்கம் திரும்பி, "எங்கம்மாக்குக் கடைசியில ஓர்மை போயிட்டு. பெத்த பிள்ளைய யாருன்னு கேட்டுது. நானும் வரைஞ்சத வரையல, வரையாதத வரைஞ்சேன்னு நிக்கேன். அதே சூக்கேடு, அந்த மறதி நோவுதான் எனக்கும்னு நெனச்சிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரைய மாத்திக் குடுத்துட்டா என்ன செய்ய? அதான் இந்தக்காவ வந்து குடுக்கச் சொன்னேன்," என்றார்.

மாகாளி தலையைக் குனிந்துகொண்டான். காலையில் பட்ட எரிச்சலை நினைத்தால் இன்னமும் உடம்பு கூசுகிறது.

பிரேமா அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் கிடந்த திரவியம் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். உள்ளங்கையில் இருந்தது என்ன மாத்திரை என்று அவர் பார்க்கக்கூட இல்லை, பிரேமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.