கியூபாக்காரரின் மீதிப் பாட்டு

ராப் பாடகர்களில் நான் நேரில் பழகியவர் ஒரே ஒருவர். அவருக்கு நான் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

2005. கடல் ஊருக்குள் வந்து போன மறுவருஷத்துக் கோடை. இடையஞ்சாவடி ஓரத்தில், ஆரோவில்லுக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் எனக்கு வேலை. சாவி எடுத்துக் கொடுப்பது, மொபெட் வாடகைக்கு விடுவது, கொசுவலை கிழிந்தால் மாற்றுவது. மிச்ச நேரமெல்லாம் கவிதை. சிறுபத்திரிகைகளில் வந்த நாலைந்து கவிதைகளை வைத்துக்கொண்டு எவரையும் மதிக்காமல் திரிந்த வயது அது.

விடுதிக்கு வருகிறவர்கள் அமைதியைத் தேடி வருவார்கள். இந்தப் பாடகரோ எதையோ விட்டு ஓடி வந்தவர் மாதிரி இருந்தார். முப்பது வயது, கனத்த உடம்பு, மூச்சு இரைப்பு. வந்த மூன்றாம் நாள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே தன் கதையைச் சொன்னார்.

அப்பா அம்மா கியூபாவிலிருந்து படகில் தப்பி அமெரிக்கா போனவர்கள். இவர் பிறந்தது மயாமியில், ஒரு சலவைக்கடை மாடியில். வீட்டுக்குள் ஸ்பானிஷ், வாசலைத் தாண்டினால் இங்கிலீஷ். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மேசையைத் தட்டித் தட்டி இரண்டையும் கலந்து பேசியதுதான் பாட்டாகிவிட்டது. இருபத்து மூன்றாவது வயதில் ஒரு பாட்டு ஓடியது. கோடை, கடற்கரை, பெண்கள், ஆட்டம். அந்த வருஷம் அந்த ஊரில் அது ஒலிக்காத கார் இல்லையாம். கம்பெனிக்காரர்கள் அதே பாட்டை இன்னும் பத்து எழுதச் சொன்னார்கள். “எட்டு எழுதினேன்” என்று விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தார். இரண்டாவது ஆல்பம் விழுந்தது. மூன்றாவதை ஆகஸ்டுக்குள் கொடுக்க வேண்டும்.

இடையில் அப்பா செத்துப்போனார். சேதி வந்தபோது இவர் வேறொரு நகரத்து மேடையில் அதே கோடைப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அப்பா வேன் ஓட்டியவர், பேசவே மாட்டார். படகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரைப் பற்றிச் சொன்னதும் ஒன்றுதான்: வாலிபத்தில் உப்பளத்தில் உப்பு வாரினேன், அந்தக் குதிகால் வெடிப்பு சாகும்வரை மூடாது. அந்த அப்பாவுக்காக இவர் ஒரு பாட்டு தொடங்கியிருந்தார். பாதிக்கு மேல் வரவில்லை. முடிந்தால் மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு அதுதான். முடியாவிட்டால் பாடுவதையே விட்டுவிடுவது. அந்த முடிவோடு வந்திருந்தார்.

அப்போது நான் அவரிடம் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் இதுதான்: “உப்பளமா? அரை மணி நேரத்துல இருக்கு, வாங்க.”

கீழ்புத்துப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் என் பைக்கின் பின்னால் அவர். மரக்காணம் நெருங்க நெருங்க வலது பக்கமும் இடது பக்கமும் வெள்ளைக் குவியல்கள். அவர் என் தோளைத் தட்டினார். நிறுத்தினேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

அங்கே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாரிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. அந்த அம்மா சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்.

“ஏம்பா, யாரு இவரு? வெள்ளைக்காரன்னு பாத்தா நம்ம கலர்ல இருக்காரு.”

“கியூபாங்க.”

“அது எங்க இருக்குது? மெட்ராஸ் தாண்டியா?”

“கடல் தாண்டிங்க. இவங்க அப்பாவும் உப்பு வாருனவருதான். படகுல தப்பிச்சுப் போனவரு. அதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாராம். இப்ப உயிரோட இல்ல.”

அந்த அம்மா அவருடைய காலைப் பார்த்தார். “இவரு காலு வாருன காலு இல்லியே.”

நாலைந்து நாள் விடியற்காலையில் தொடர்ந்து போனோம். வாருபலகையைப் பிடிக்கக் கொடுத்தார்கள். அழுத்தி இழுத்தார். உப்போடு அடிமண்ணும் கிளம்பிக் கறுப்பாக வந்தது. புருஷன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், ஏர் ஓட்டுறியா? மேலாப்ல இழுய்யா, மேலாப்ல! உங்க அப்பன் இதைக்கூடவா சொல்லித் தர்ல?” நான் மொழிபெயர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை நல்ல மொழிபெயர்ப்பாளனாகத்தான் இருந்தேன்.

கடைசி நாள். வெயில் ஏறி வேலை முடிந்து, வேலிக்காத்தான் நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கியூபாக்காரர் சின்ன ரெக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பாட்டைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றார். இசை இல்லை. தொடையில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே, இரண்டு மொழியும் இடித்துக்கொள்ள, மூச்சு விடாமல். எனக்கே பாதி புரியவில்லை. வேகம் கூடிக்கொண்டே போய் ஓர் இடத்தில் அறுந்தது. கை மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டியது. நின்றார்.

அந்த அம்மா கஞ்சிச் செம்பைக் கீழே வைத்தார்.

“அப்பனுக்குத்தானே அழுவுறான்?”

தலையாட்டினேன்.

“ஏம்பா, ஒப்பாரிய இப்டி நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு. நெஞ்சுல நின்னுபூடும். எங்க பக்கம்லாம் ஒருத்தி நிறுத்துனா பக்கத்துல இருக்கறவ அடுத்த அடிய எடுத்துக் குடுப்பா. மீதிய அழுதுட்டுப் போவச் சொல்லுப்பா.”

கடல் வந்து போன பிறகு அந்தக் கரையில் எத்தனை வீட்டில் தோள் பிடித்து அடி எடுத்துக் கொடுத்தவரோ, எனக்குத் தெரியாது. அவர் எழுந்து போய் கியூபாக்காரரின் தோளில் கை வைத்தார். தணிந்த குரலில் பாடினார்:

கடல் தாண்டிப் போன அப்பா
கரை எதுன்னு சொல்லலியே
உப்புக் காலு வெடிச்சப்பகூட
ஒரு வார்த்தை பேசலியே

கியூபாக்காரர் என்னைப் பார்த்தார். “என்ன சொல்றாங்க?”

இந்த இடத்தில் எத்தனை தடவை நின்றிருக்கிறேன். சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில் எனக்கு வராத வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. ராப் என்றால் என்னவென்று அந்தக் கரையிலேயே தெரிந்த ஒரே ஆள் நான் என்ற மிதப்பு. அமெரிக்காவில் ஆல்பம் போட்டவர் பாட்டைப் போய் ஒப்பாரி என்கிறார்களே, கேட்டால் என்ன நினைப்பார் என்று மறைத்தேன். இதையும் மறைக்கக் கூடாது: என் கவிதையைக் கேட்டு யாரும் செம்பைக் கீழே வைத்ததில்லை. அந்தப் பொறாமையும் இருந்தது.

“உங்க தாளம் பிடிச்சிருக்காம்” என்றேன்.

“இப்ப பாடினது?”

“வேலைப் பாட்டு. உப்பு வாரும்போது பாடறது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் மெல்லத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். “சொன்னியாப்பா?”

“சொல்லிட்டேங்க.”

“அப்புறம் ஏன் குந்திட்டான்?”

“அவங்க ஊர்ல அப்படித்தாங்க” என்றேன்.

அந்த வாரமே அவர் கிளம்பிவிட்டார். கையில் கொடுத்த தாளில் அவருடைய மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. என்னுடையதையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

மறுவருஷம் பாண்டிச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில், வேறெதற்கோ போனவன், அவருடைய கடிதத்தைப் பார்த்தேன். ஆல்பம் கொடுக்கவில்லை. கம்பெனி விட்டுவிட்டது. இப்போது அப்பாவைப் போலவே வேன் ஓட்டுகிறார். புகார் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். ரெக்கார்டரில் அந்த அம்மாவின் குரல் அப்படியே இருக்கிறது, வேனில் தினமும் போட்டுக் கேட்கிறேன். வேலைப் பாட்டு என்றாய். வேலை செய்யும்போது அதை அவர் பாடி நான் கேட்டதே இல்லையே. அதில் என்ன வார்த்தைகள் இருக்கின்றன, எழுதி அனுப்புவாயா?

நாலு அடி. பன்னிரண்டு வார்த்தையோ பதின்மூன்றோ. தட்டச்சு செய்யத் தொடங்கினேன். முதல் அடியை எழுதியதும், போன வருஷம் நான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்குமே என்று கை நின்றது. அழித்தேன். பழைய வட்டாரப் பாட்டு, குறிப்பாக அர்த்தம் ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். ‘நன்றி’ என்று ஒரு சொல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. பல வருஷம் கழித்து அந்த நாலு அடியையும் எழுதி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

பொய்யை அனுப்பிய அதே மாதம் மரக்காணம் வழியாகப் போக வேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு ரோட்டோரம் வரை வந்தார்.

“உன் கூட்டாளி மீதிய அழுது முடிச்சாரா?”

பைக்கின் இன்ஜினை நான் அணைக்கவில்லை.

“முடிச்சிட்டாருங்க.”

“அப்ப சரி. இனிமே தூங்கிடுவாரு” என்று சொல்லிவிட்டு, ஓலை கட்டத் திரும்பிப் போனார்.