ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் தேக்கு

சந்தை கூடி வெகுநேரம் ஆகியும் அன்று எங்கள் சம்பான் படகு வரவில்லை. வந்தபோது அதில் வாழையிலைக் கட்டு ஒன்றுகூட இல்லை. முன்பலகையில் சம்பந்தியும் இல்லை. பின்னால் சுக்கானைப் பிடித்து நின்ற என் மகள் செல்வி, கயிற்றைக்கூடக் கட்டாமல், "மாமா போய்ட்டாரும்மா" என்றாள். காலையில் காப்பி கொண்டுபோய் எழுப்பினாளாம், உடம்பு சில்லிட்டுக் கிடந்ததாம். க்யிம்யிண்டைங் ஆற்றுப் படித்துறையில் நின்ற எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவது அந்த மனிதருக்குப் பழக்கம். அதற்காக இப்படியா?

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தங்கம் என்றார்கள். கோயில் மலரில் போட நான்கு வரி எழுதித் தரும்படி என்னையும் கேட்டார்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்ததோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது. பர்மிய மரியாதையில் ஊ மாரி என்று கரையில் எல்லாரும் கூப்பிட்ட மாரிமுத்துவைத் தெரிந்தவர்களே, நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருக்கு வாழைத்தோட்டம். இந்தப் பக்கம் சந்தையில் எனக்கு இலைக்கடை. அந்த வியாபாரத்தில்தான் சம்பந்தம் முடிந்தது. பெண் பார்த்த அன்று எங்களைத் தன் சம்பானிலேயே ஏற்றிக்கொண்டு போனார். என் பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்று நான் சொன்னேன். "எதுக்கு நீச்சல்? உங்க பொண்ணு சவாரியாத்தான் இதுல உட்காருவா சம்பந்திம்மா, சுக்கானத் தொடவே மாட்டா" என்றார். வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது. சாட்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

மாப்பிள்ளை மலேசியாவுக்கு வேலைக்குப் போனார். சம்பந்திக்குக் கண் மங்கியது. சுக்கான் செல்வி கைக்கு வந்தது. ஒரு நாள் இலைக்கட்டோடு அவளே ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், சம்பந்தி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவளாத்தான் கேட்டு வாங்கினா" என்றார். செல்வியிடம் கேட்டேன். அவள் இலையை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அந்தச் சம்பான் எப்படித் திரும்புகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அதன் அடியில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீளக் கட்டைகள் அறைந்திருக்கும். அடிக்கட்டை என்போம். நீர் இறங்கிய வேளையில் சேற்றில் இழுக்கும்போது பலகை தேயாமல் காப்பது அதுதான். ஓட்டத்தில் படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிப்பதும் அதுதான். பழைய கட்டை இரண்டும் தேய்ந்து சப்பையாகிவிட்டிருந்தன. செல்வி சுக்கானைத் திருப்பினால் மூக்கு திரும்பும், படகு தன்பாட்டுக்குப் போன வழியே வழுக்கும்.

மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. எதை அறைவது என்பதில்தான். ஆழமான கட்டை, அதன் அடியில் இரும்புப் பட்டை என்றார் அவர். "தண்ணிக்குள்ள பிடிப்பு வேணும் சம்பந்திம்மா. பிடிப்பில்லாத படகு, எல்லார் பேச்சுக்கும் தலையாட்டுற ஆளு மாதிரி." நான் தாழ்வான தேக்குக் கட்டை போதும் என்றேன். ஆழமாகப் பிடித்தால் சுக்கான் கனக்கும், பெரிய ஃபெரி குறுக்கே வரும்போது சட்டென்று ஒதுங்க முடியாது. அதோடு அவர் கரைச் சேறு சாதாரணச் சேறா? இரும்பு அதில் புதைந்தால் இழுக்கப்போவது யார், அவரா? எனக்குப் படகு ஓட்டத் தெரியாதுதான். ஆனால் அந்தத் துறையில் உட்கார்ந்து எத்தனை படகு எப்படி வருகிறது என்று பார்த்த கண் இது. அவரோ எதற்கும் "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க" என்று முடித்துவிட்டு எழுந்து போவார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. படகு வேலை செய்கிற கோ தெய்ன் பட்டறைக்கு இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தோம். வீட்டில் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் மூன்றாம் மனிதர் முன்னால் சம்பந்தி வார்த்தையைத் தட்டக் கூடாது அல்லவா? பெண்ணைப் பெற்றவங்க சொல்றபடி தேக்கே போடு என்று அவர் சொன்னார். சேச்சே, சம்பந்தி சொன்ன இரும்பே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். பந்தியில் ஒருவர் இலையில் ஒருவர் பாயசம் ஊற்றுகிற மாதிரி மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தோம். கோ தெய்ன் பர்மாக்காரர். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து "யாபாடே, யாபாடே" என்று தலையாட்டி அனுப்பிவிட்டார். ஆகட்டும், ஆகட்டும் என்று அர்த்தம். ஆகிவிட்டது. இடப்பக்கம் ஆழமான இரும்புக் கட்டை, வலப்பக்கம் தாழ்வான தேக்குக் கட்டை.

படகு சம்பந்தியுடையது. அவர் அல்லவா பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும்? பார்த்தார். பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம், நியாயம்தான் என்று வீட்டுக்கு ஓட்டிப் போகச் சொன்னார். இதை நான் மன்னிக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க அந்தப் படகு இடப்பக்கமே இழுத்தது. பக்கத்துக் கடை மா கின், "உங்க சம்பான் நண்டு மாதிரி நடந்து வருதே" என்று சிரித்தாள். படகின் அடியைப் பார்க்காத நான் ஆற்றோட்டம் என்று நினைத்தேன். ஒரு காலை செல்வி கொண்டையை முடியக் கையைத் தூக்கினாள், கை தோளுக்கு மேல் போகவில்லை. கரை சேரும்வரை சுக்கானை வலப்பக்கம் அழுத்தியே பிடித்து வந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், "எந்தக் கட்டையக் குத்தம் சொல்றது? ஒண்ணு மாமாவோடது, ஒண்ணு உன்னோடது" என்கிறாள்.

படித்துறையில் அத்தனை பேர் முன்னால் நான் அவரைக் கேட்டேன். சம்பந்தி மரியாதை எல்லாம் அன்று ஆற்றோடு போயிற்று. உங்க கண்ணு மங்கிச்சா, புத்தியும் மங்கிச்சா, தேக்கைக் கழற்றி எறிய வேண்டியதுதானே என்று கத்தினேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "உங்க கட்டையக் கழட்டினா நீங்க என்ன நினைப்பீங்க?"

இந்த மனிதரை என்ன செய்வது? அவர் பொறுமைசாலி என்று சொன்னீர்களே, இதுதான் அந்தப் பொறுமை. மறுநாளிலிருந்து முன்பலகையின் நடுவில் உட்காருவதை விட்டார். வலது விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார். தன் பாரத்தால் அந்தப் பக்கம் தாழ்ந்தால் தேக்கும் தண்ணீரில் ஆழப் பிடிக்கும், சுக்கான் கொஞ்சம் லேசாகும் என்பது அவர் கணக்கு. கொஞ்சம் லேசாகவும் செய்தது, செல்வியே சொன்னாள். ஆனால் அந்த விளிம்பில் அலை அடிக்கும், இலைக்கட்டின் மறைவு கிடையாது. லுங்கி நனைந்து, விளிம்பைப் பிடித்த கை விறைத்து, துறையில் இறங்கும்போது நடுங்குவார். நான் டீ வாங்கி நீட்டினால், இன்னிக்கு நேரா வந்துச்சு பாத்தீங்களா என்பார். நேராக எங்கே வந்தது? ஒரு நாள் வேலையில் முடிகிற காரியத்துக்கு ஒரு மழைக்காலம் நனைந்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் பிடித்த இருமல் கடைசிவரை நிற்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

காரியம் முடிந்து, மலேசியாவிலிருந்து போனில் பார்த்து அழுத மாப்பிள்ளையையும் தேற்றிய பிறகு, கோ தெய்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். இரண்டு தேக்குக் கட்டைகள் செதுக்கச் சொல்லி எடுத்துப் போயிருந்தேன். சம்பான் கவிழ்ந்து கிடந்தது. இனி விட்டுக்கொடுக்கவும் ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை என்று நினைத்தேன். செல்வி கட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோ தெய்னிடம் பர்மியில், இரண்டு பக்கமும் இரும்பு என்றாள்.

மாமாவுக்காகவா என்று கேட்டேன்.

"இல்லம்மா. எனக்காக. ஆழமாப் பிடிச்சாத்தான் நான் நினைச்ச இடத்துக்குப் போகுது. சுக்கான் கனக்கட்டும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கனக்கட்டும். இத்தன நாளும் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டீங்க. ஓட்டுறது யாருன்னு கேட்டீங்களா?"

அந்த மனிதர் செத்த பிறகு ஜெயித்துவிட்டார். வெற்றிலைத் தட்டில் அவர் கொடுத்த வாக்கைப் பற்றி இனி யாரிடம் கேட்பது? அவளுக்கே அது வேண்டாத வாக்காகிவிட்டது.

முதல் ஓட்டத்துக்கு நானும் ஏறினேன். இலைக்கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நேராகத்தான் போயிற்று. நடு ஆற்றில் ஃபெரி குறுக்கிட்டபோது நான் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். செல்வி முன்கூட்டியே சுக்கானைச் சாய்த்துவிட்டிருந்தாள். படகு நிதானமாக வளைந்து அதன் வால்பக்கம் போயிற்று. திரும்பி வரும்போது நீர் இறங்கிவிட்டது. அவர் கரைச் சேற்றில் இரண்டு இரும்பும் முழங்கால் ஆழம் புதைந்து, படகு அசையவில்லை. நான் சொன்னபடியே. அன்றே சொன்னேன், எத்தனை முறை சொன்னேன். செல்வியும் நானும் சேற்றில் இறங்கி இழுத்தோம். மூச்சு வாங்க நிமிர்ந்து, "பாத்தீங்களா சம்பந்தி" என்றேன். செல்வி கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவருடைய நினைவாக ஆளுக்கொன்று வைத்திருக்கிறீர்கள், பொறுமை என்றும் தங்கம் என்றும். எனக்கு மிஞ்சியது 'பாத்தீங்களா' என்கிற இந்த ஒரு வார்த்தைதான். அது நியாயமான வார்த்தை. கேட்க வேண்டியவர் இல்லாமல் அது என்னிடமே இருக்கிறது.