வரப்பு வைத்த டிஸ்க்

நேற்று வங்கிச் செயலி 'கடவுச்சொல் தவறு' என்று சொல்லி என்னை வெளியே நிறுத்திவிட்டது. கோபம் தணிந்ததும் சிரிப்புதான் வந்தது. ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்துக் கடவுச்சொற்கள் அத்தனையும் கொடியில் காயப்போட்ட துணிபோல் என் கண்ணெதிரே கிடந்தன, தெரியுமா?

தஞ்சாவூரை ஒட்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் மையம். பல அலுவலகங்களின் கணக்கையும் ஒரே பெரிய மெஷின் போட்டுக்கொண்டிருந்த காலம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை. கதவைத் திறந்தால் பக்கத்து ரைஸ்மில்லில் நெல் அவிக்கும் வாசனை. இன்றைக்கும் எங்காவது நெல் அவித்தால் எனக்கு அந்த ஏசி அறைக் குளிர்தான் ஞாபகம் வருகிறது. என்ன மூக்கோ!

அந்த மெஷினில் யாருக்கு எங்கே இடம் என்று சொல்லும் டைரக்டரிக்கு நான் பொறுப்பு. பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒருவருடைய பெயர், கடவுச்சொல், டிஸ்க்கில் எந்த சிலிண்டரில் தொடங்கி எத்தனை சிலிண்டர் அவருக்கு என்று சாதாரண எழுத்தில் அடித்து வைப்போம். சிலிண்டர் என்றதும் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். டிஸ்க்கைப் பாத்தி பாத்தியாகப் பிரித்ததில் ஒரு பாத்தி, அவ்வளவுதான். கட்டளை கொடுத்தால் மெஷின் அதைத் தன் பாஷைக்கு மாற்றி, சிஸ்டம் டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் எழுதிக்கொள்ளும். பழையதன் மேல் எழுதாது. பக்கத்தில் புதிதாக எழுதி முடித்த பிறகுதான் 'இனி இதைப் பார்' என்று டிஸ்க்கின் தலைப்பில் குறித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பத்திரமாக இருக்கும். நம் ஊர் கரண்டைப் பற்றி அதைச் செய்த வெளிநாட்டுக்காரனுக்கு யார் சொன்னார்களோ! எப்போதும் முறைத்துக்கொண்டிருந்த எங்கள் மேலாளரின் கடவுச்சொல் ஒரு நடிகையின் பெயர். அவர் திட்டும்போதெல்லாம் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் செல்வராசுவும் கோவிந்தராஜும். இருவரும் திருவிடைமருதூர்ப் பக்கம், ஒரே ஊர். செல்வராசுவின் அப்பா உழவுக்கும் அறுப்புக்கும் போனது கோவிந்தராஜ் வீட்டு வயலுக்கு. கூலித் தகராறில் அறுவடை நின்று, வயலில் கொடி நட்டு, போலீஸ் வண்டி வந்து நிற்கும் காலம் அது. ஆபீசில் இருவரும் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகத்தான் பேசுவார்கள். டீக்கு மட்டும் சேர்ந்து போக மாட்டார்கள்.

செல்வராசுவுடையது தற்காலிக வேலை. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார்களிடமிருந்து எடுத்த நிலத்தை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று கணக்குப் போடும் புரோகிராமையும் அதற்கான நிலப் பட்டியலையும் மாதக்கணக்கில் அடித்துச் சேர்த்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து பார்ப்பதாக இருந்தது. சரியாக ஓடினால் வேலை நிரந்தரம்.

அதற்கு முன்னால் நான் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது டைரக்டரி கோவிந்தராஜ் பொறுப்பில் இருந்தது. அந்த வாரம் புதன்கிழமை திரும்பி வந்தால், வாசலிலேயே செல்வராசு ஒரு கத்தை பேப்பரோடு நிற்கிறார். பட்டியலின் கடைசிப் பகுதியைக் காணோம். அந்த இடத்தில் கோவிந்தராஜ் அடித்த உரக் கணக்கு!

"அவங்க வீட்டுல எடுத்த நெலத்தக் குடுக்குற வேலைன்னுதானக்கா இப்படிப் பண்ணிட்டாரு?" என்று பேப்பரை என் முன்னால் நீட்டினார்.

டைரக்டரியைத் திறந்து பார்த்தேன். கோவிந்தராஜ் செல்வராசுவுக்கும் தனக்கும் புதிதாக இடம் ஒதுக்கியிருந்தார். செல்வராசுவின் பங்கு எந்த சிலிண்டரில் முடிகிறதோ, அதே சிலிண்டரில் கோவிந்தராஜின் பங்கு தொடங்கியது. இருவருக்கும் சொந்தமான அந்த சிலிண்டரில் யார் கடைசியாக எழுதுகிறாரோ அவர் எழுத்துதான் நிற்கும். மெஷின் இதையெல்லாம் ஏன் என்று கேட்காது.

கோவிந்தராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். முகத்தில் கள்ளமே இல்லை.

"ஆமாங்க, அவரு முடியிற எடத்துலதானே நான் ஆரம்பிக்கணும்? வரப்பு ரெண்டு பேருக்கும் பொதுதானே?"

மிராசுதார் வீட்டுப் பிள்ளை டிஸ்க்குக்கும் வரப்பு வைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செல்வராசு சிரிக்கவில்லை.

"எங்கங்க பொது? உங்க வீட்டு ஆளுங்க எதிர்ல வந்தா எங்கப்பா வரப்ப விட்டு சேத்துல எறங்கித்தான் நின்னாரு."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கோவிந்தராஜ் அந்தப் பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "என் பக்கத்துலேர்ந்து கழிச்சிருங்க. நான் தள்ளிக்கிறேன்" என்றார். தள்ளினால் அவருடைய பங்கின் ஆரம்பமே மாறிவிடும். அதிலிருந்த கணக்கு முழுவதையும் அவர் மறுபடி அடிக்க வேண்டும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

திருத்திவிட்டுக் கட்டளை கொடுத்தேன். பாதியில் கரண்ட் போயிற்று! திரும்பி வந்தபோது பழைய டைரக்டரி, அந்த வரப்போடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கொடுத்தேன். காணாமல் போன பகுதியைப் பழைய பிரிண்டைப் பார்த்துக் கோவிந்தராஜ் வாசிக்க, செல்வராசு அடித்தார். நடுவில் கோவிந்தராஜ் வீட்டிலிருந்து எடுத்த நிலத்தின் சர்வே நம்பர் வந்தது. அவர் குரல் சற்று நின்றது. செல்வராசுவின் விரலும் நின்றது. பிறகு கோவிந்தராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முன்பைவிடச் சத்தமாக வாசித்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. செல்வராசுவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அன்று மூன்று பேரும் சேர்ந்துதான் டீக்குப் போனோம்.

இப்போது அந்த மெஷின் இல்லை. மையம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். என் போனில் இருக்கும் படங்கள் உலகத்தில் எந்த டிஸ்க்கில் கிடக்கின்றன என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

போன மாதம் செல்வராசு பேத்தியின் காதுகுத்துக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வாய்க்காலை ஒட்டி, செல்வராசுவின் அப்பா இறங்கி நின்ற அதே வரப்பில் நடந்தோம். செல்வராசு முன்னால், கோவிந்தராஜ் அவர் பின்னால், முழங்கால் வலியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு. எதிரே அந்த வரப்பில் புல்லுக்கட்டோடு ஓர் இளம்பெண் வந்தாள். கிழவர்கள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வழிவிட்டார்கள். அவள் பாட்டுக்குப் போனாள். அந்த வரப்பில் யார் யாருக்கு இறங்கி நின்றார்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.