மூக்கில்லாத மாப்பிள்ளை

“ஊசியில நூல் கோக்கத் தெரியாதவ, கண்ணுக்குள்ள இருக்க ஜவ்வ உரிக்கப் போறாளாம்!”

அத்தை என் முகத்தைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். பிறகு, எங்கள் டிபன் கடை பெஞ்சில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக வங்காள மொழியில் இன்னொரு முறையும் சொன்னார். கல்கத்தா பவானிபூரில் எங்கள் தெரு முழுக்கச் சிரித்தது.

நான் அப்போது கண் மருத்துவத்தில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். இதைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது, நானே சொல்லியிருக்கிறேன். அன்று முதன்முதலாக விழித்திரை அறுவை சிகிச்சை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, “இனி இதுதான் என் வேலை” என்று கடைவாசலில் நின்று அறிவித்தேன். அப்பா தோசைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் சேர்த்துப் பதில் சொன்னவர் அவருடைய அக்காவான இந்த அத்தை.

கடையில் சமையல் அப்பாவுடையது. பேச்சு அத்தையுடையது. வாசலில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டே, எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த குடும்பங்களில் யாருக்கு யாரைக் கட்டலாம் என்று முடிவு செய்வார். என் படிப்பு முடியப் போகிறது என்றதும் எனக்கும் ஒரு போட்டோ வந்தது.

“சால்ட் லேக்ல கம்ப்யூட்டர் வேல. தங்கமான குடும்பம். போட்டோக்காரன்தான் பாவி, மூக்கக் கெடுத்துட்டான்.”

வாங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு மூக்கு இருந்தது. தாராளமாகவே இருந்தது.

“மூக்கு இருக்கே அத்தை?”

“எங்க இருக்கு? நடுவுல அழிஞ்சுல்லா கெடக்கு.”

நான் அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். “என்னைப் பாருங்க. என் மூக்கு தெரியுதா?”

“ஒம் மூக்கு என்னைக்குட்டி கீழ எறங்கிச்சு, எனக்குத் தெரிய?”

அப்பா சிரித்தார். என்னால் முடியவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கச் சொன்னேன். ஓரத்துக் கட்டங்கள் சரியாக இருக்கின்றன, நடுவில் இருப்பவை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கின்றன என்றார். சில மாதங்களாகவே அப்படித்தானாம். அதற்காக அவர் டியூப்லைட்டை மாற்ற வைத்திருந்தார், கறிவேப்பிலை அழுகல் என்று காய்கறிக்காரரோடு சண்டை போட்டிருந்தார், பக்கத்து வீட்டு வங்காளச் சித்தி, எங்கள் எல்லோருக்கும் காகிமா, முகத்தில் என்னத்தையோ பூசிக்கொண்டு வருவதாகச் சந்தேகப்பட்டிருந்தார். தன் கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை. அவருக்கு இடது கண் சின்ன வயசுக் காய்ச்சலிலேயே மங்கிப்போனது. வலது கண்ணை விட்டால் வேறு கண் இல்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். விழித்திரையின் நட்டநடுவில், முகம் பார்க்கவும் எழுத்துப் பார்க்கவும் உதவும் அந்தச் சின்ன இடத்தில், ஓட்டை. எங்கள் விழித்திரை மேடம் படத்தை நெடுநேரம் பார்த்தார். “பெரிய ஓட்டை, பழையதும்கூட. மூட முயற்சி செய்வேன். மூடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்” என்றார்.

வீட்டில் அத்தைக்கு நான்தான் விளக்கினேன். “வயசானா கண்ணுக்குள்ள இருக்கற பசை சுருங்கும் அத்தை. சுருங்கறப்ப நடுவுல பிடிச்சு இழுத்து ஓட்டை போட்டுடுச்சு. அந்தப் பசையை எடுத்துடுவாங்க. அப்புறம் ஓட்டையைச் சுத்தி ஒரு ஜவ்வு இருக்கு, நீலச் சாயம் போட்டாத்தான் கண்ணுக்கே தெரியும். அதை உரிப்பாங்க. சின்ன ஓட்டைன்னா உரிச்சு எடுத்துடலாம். உங்களுது பெரிசு. அதனால ஓரத்துல ஒட்டியிருக்கற கொஞ்சத்தை விட்டுவச்சு, அதையே ஓட்டை மேல மடிச்சு மூடுவாங்க.”

“பார்சல் எலைய மடிக்க மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“நீ மடிச்ச பார்சல்ல சாம்பார் ஒழுகுமேட்டி.”

“நான் மடிக்கலை. மேடம் மடிப்பாங்க.”

“அப்பச் சரி. கைநாட்டு எங்க வைக்கணும்?”

ஆனால் தெருவில் எல்லோரும் நான்தான் அறுவை சிகிச்சை செய்யப்போகிறேன் என்று நம்பினார்கள். காகிமா காளிகாட்டுக்குப் போய் என் கைகளுக்காக வேண்டிக்கொண்டு, பிரசாதத்தோடு வந்தார். உண்மையில் என் வேலை, கண்ணின் மேற்பரப்பு காய்ந்துவிடாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது.

கண்ணுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. அத்தை துணிக்கு அடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் நுண்ணோக்கியின் இரண்டாவது குழாய் வழியாகப் பார்த்தேன். வெள்ளைவிழியில் மூன்று சின்னத் துளைகள். பசை போனது. நீலச் சாயம் பரவியதும், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு தோல் தெரிந்தது. பாலில் படியும் ஆடைகூட அதற்கு முன்னால் கனத்த கம்பளிதான். மேடத்தின் இடுக்கி அதன் ஒரு நுனியைக் கிள்ளி வட்டமாக இழுத்துக்கொண்டு வந்தது. பாதி வட்டத்தில் ஜவ்வு கிழிந்தது. மேடம் நிறுத்தினார். அவசரப்படாமல் வேறொரு நுனியைத் தேடினார். கிடைத்தது. ஓட்டையின் விளிம்பு வரை கொண்டுவந்து, விட்டுவைத்த துண்டைத் திருப்பி ஓட்டையின் மேல் படுக்க வைத்தார். நான் மூச்சை மறந்திருந்தேன், கையையும்.

“ஜல்” என்றார் மேடம். நான் அசையவில்லை. “ஜல்!”

துணிக்கு அடியிலிருந்து உதடு அசையாத குரல் வந்தது. “ஏட்டி, தண்ணி கேக்காங்கல்லா?”

மேடத்தின் விரல்கள் அப்படியே நின்றன. “இவரைப் பேச வேண்டாமென்று சொல்” என்றார் மெதுவாக. அத்தையைப் பேச வேண்டாமென்று சொன்ன முதல் ஆளும் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருக்கவேண்டும்.

கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். வாயு மேலே எழும்பும். முகம் கீழே பார்த்தால்தான் அது பின்பக்கத்து ஓட்டையை அழுத்தி மூடிவைக்கும். ஆகவே சில நாட்களுக்குக் குனிந்த தலை நிமிரக்கூடாது. எங்கள் அத்தைக்கு!

“கலியாணத்தன்னைக்கே நான் தல குனியலட்டி” என்றார்.

குனிந்தார். கடை பெஞ்சுகள் இரண்டை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டு, நெற்றிக்குத் தலையணை கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்தோம். முதல் நாள் ஒரே புலம்பல். இரண்டாம் நாள் காகிமா டீயோடு வந்து, அத்தையின் முகத்துக்கு நேர்க்கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு தெருவின் அரட்டை முழுவதும் எங்கள் வீட்டுத் தரைக்கு இறங்கிவிட்டது. அத்தை மங்கலான இடது கண்ணால் கால்களைப் பார்த்தே ஆள் சொன்னார், கால்களுக்கே புத்திமதியும் சொன்னார். “டாக்டரம்மா வாராவ. குதிகால் வெடிப்பப் பாரு, அதுக்கு யாரு ஆபரேசன் பண்ண?”

தலை மட்டும் நிமிரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்தபோது, ஒருமுறை கேட்டார். “மூடலன்னா சொல்லிரு. பூசி மெழுகாத.” அதில் கிண்டல் இல்லை. சொல்லிவிடுவேன் என்றேன்.

ஸ்கேனில் ஓட்டை மூடியிருந்தது. வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, “கண்ணுக்குள்ள கொத்தனார் ரசமட்டம் ஆடுது” என்றார். அது போய், முகங்கள் மெல்லத் திரும்பிவந்தன. காகிமா எதையும் பூசுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டார். போன வாரம் வாசலில் உட்கார்ந்துகொண்டு போட்டோவைக் கேட்டார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

“மூக்கு தெரியுதா அத்தை?”

“தெரியுது. இம்புட்டு இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே. வேண்டாம்ட்டி.” போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “படிப்பும் முடிஞ்சிட்டு. இனி என்ன செய்யப் போற?”

“விழித்திரைப் பயிற்சி. மேடம்கிட்டயே. உங்க ஸ்கேன் எடுக்கறதுக்கு முந்தியே பேரு குடுத்துட்டேன்.”

“ஓட்ட மூடியிருக்கலன்னா?”

“அப்பவும்தான்.”

அத்தை ஒரு பார்சலைக் கட்டி முடித்தார். சாம்பார் ஒழுகவில்லை. “அங்கயும் தண்ணி ஊத்தவா?”

“முதல்ல தண்ணி ஊத்தத்தான். திங்கட்கிழமையே சேர்ந்தாச்சு அத்தை, ரெண்டு நாளா ஊத்திட்டுத்தான் வரேன்.”