பாலத்தைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

ஐந்தாறு வருடத்துக்கு முன்பு, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஏலா. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை அப்படித்தான் சொல்வோம். அதில் நெல் விளைந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது முட்டளவு புல்தான். அந்தப் புல்லில் நான் எருமை வளர்க்கிறேன். பாலுக்கு இல்லை, இறைச்சிக்கு.

ஒரு பெண் போத்து வளர்க்கிறாளாம் என்று சிரித்தவர்கள் உண்டு. போத்து என்றால் எருமைக்கடா. பொதுவாக எல்லோரும் வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வருகிற கடாக்குட்டிகளை வாங்கித்தான் வளர்ப்பார்கள். அவற்றில் சிலது வந்த வாரமே காய்ச்சலும் கழிச்சலுமாகச் சாய்ந்துவிடும். நானும் அப்படிப் பறிகொடுத்து அழுதிருக்கிறேன். குட்டியை நம் புல்லிலேயே பிறக்க வைத்தால் என்ன என்று தோன்றி, ஒரு பெண் எருமையை வாங்கி, மேயவிட்டு, சினைக்கு விட்டேன். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டவர்களிடம் நன்றாக வாயடித்தும் வைத்திருந்தேன்.

அன்று காலை, மாதம் நிறைந்திருந்த அது மேயப் போகவில்லை. படுத்தது, எழுந்தது, பின்காலால் வயிற்றை உதைத்தது. வாலைத் தூக்கிக்கொண்டு முக்கியது. ஆனால் கன்றுக்கு முன்னால் வர வேண்டிய தண்ணீர்க்குடம் வரவே இல்லை. வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போயிருந்தார். போன் போட்டால், "தலப்பிரசவம் ஆக்கும், நேரம் எடுக்கும். நீ கெடந்து துள்ளாத" என்கிறார். பிள்ளை பெற்றவள் நான், எனக்கு அவர் பாடம் எடுக்கிறார்! மனசு கேட்காமல், திருப்புறம் பக்கம் குடியிருக்கிற மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். கொல்லத்துக்காரர், சின்ன வயது, மலையாளம்தான் பேசுவார். இன்று லீவு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

நீளமான கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே சோதித்துப் பார்த்தவரின் முகம் மாறியது. ஈரத்துணியைப் பிழிவது போல இரண்டு கையையும் திருகிக் காட்டினார். கருப்பை அப்படி முறுக்கிக்கொண்டு கிடக்கிறதாம். வழி அடைத்துக்கொண்டதால் கன்று வெளியே வர முடியாது. இப்படியே விட்டால் தாயும் போகும், குட்டியும் போகும். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஏலாச் சேற்றில் எந்த வண்டியும் இறங்காது. "பேடிக்கண்டா சேச்சி" என்றார். பயப்படாதீர்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

ஒரு வழி உண்டு என்றார். எருமையைப் படுக்கப் போட்டு, வயிற்றின் மேல் பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும். மற்றவர்கள் காலைப் பிடித்து எருமையை மெதுவாகப் புரட்ட வேண்டும். உடம்பு புரளும். பலகை அழுத்திப் பிடிப்பதால் உள்ளே கருப்பை மட்டும் அசையாமல் நிற்கும். அப்போது முறுக்கு அவிழும். இதற்கு நல்ல நீளமான பலகை வேண்டும், கொஞ்சம் ஆட்களும் வேண்டும்.

பலகை என்றதும் எனக்குத் தோட்டுப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. ஏலாவின் ஓரத்தில் ஓடுகிற சின்னத் தோட்டின், அதாவது ஓடையின், குறுக்கே ஒரு தென்னம்பலகை கிடக்கும். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் குறுக்குவழி. நான் அதைக் கிளப்பி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஆராதனை முடிந்த கூட்டம் அக்கரையில் வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக, கையில் பைபிளோடு. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் டீச்சர். என் எருமைகள் அவருடைய மரச்சீனி விளையில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், புகுந்து விளையாடிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைவு.

"பாலத்த எதுக்கு எளக்குத? நாங்க எப்பிடி வீட்டுக்குப் போறது?"

"எருமைக்கு வேணும் டீச்சர்."

"எருமைக்கு எதுக்குப் பாலம்? அது நீந்தாதோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் சேலையை இழுத்துச் செருகினார். பைபிளைப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம் கொடுத்தார். பிறகு திரும்பி, "எலே, பாத்துட்டா நிக்குதிய? எறங்குங்க" என்று ஒரு சத்தம். அங்கே நின்ற ஆண்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மளமளவென்று தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். டீச்சரும் பின்னாலேயே இறங்கி வந்தார்.

டாக்டர் சொன்னபடி கயிற்றை உடம்பில் சுற்றி இழுத்ததும், எருமை முட்டி மடங்கிச் சாய்ந்தது. வயிற்றின் மேல் பலகையை வைத்தோம். ஏறி நிற்க, அந்தக் கூட்டத்திலிருந்த சர்ச் சபைச் செயலாளரை விட்டால் ஆளில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவ்வளவு தாட்டியான உடம்பு. அவர் தயங்கித் தயங்கிப் பலகையில் கால் வைத்தார். மற்றவர்கள் எருமையைப் புரட்டினார்கள். டாக்டர் கையை விட்டுப் பார்த்தார். முறுக்கு அப்படியே இருந்தது.

டாக்டருக்குச் சந்தேகம். பலகையில் முழு பாரமும் கொடுத்தீர்களா என்று கேட்டார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு காலத் தரையிலதான் ஊனியிருந்தேன் டாக்டரே. வயித்துப்பிள்ளக்காரி இல்லியா? ஏறி மிதிக்க மனசு வரல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தோட்டில் தள்ளியிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் வடிந்துவிட்டது.

"இரக்கப்பட்டே கொல்லப் போறீரா? நீரும் ஏறும், நானும் வாறேன்" என்று டீச்சர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையில் ஏறினார். தூரத்தில் எருமையைக் கண்டாலே குடையை விரித்துக்கொண்டு விலகிப் போகிறவர் அவர். செயலாளரின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எருமையை மறுபடி பழைய பக்கமே படுக்க வைத்திருந்தோம். "பைய மக்கா, பைய" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கால்கள் நான்கும் வானத்தைப் பார்த்து, பிறகு அடுத்த பக்கம் சரிந்தன. நான் அதன் தலையைப் பிடித்திருந்தேன். அது மூச்சு விடுகிற சூடு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் மறுபடி கையை விட்டார். அடுத்த நொடி தண்ணீர்க்குடம் உடைந்து அவர்மேல் கொட்டியது. தலையோடு காலாக நனைந்துபோன அந்தப் பெண் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு முன்னங்கால் இரண்டும் தெரிந்தன. எருமை முக்கும்போதெல்லாம் நாங்களும் இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து புல்லில் விழுந்தது, அசையாமல் கிடந்தது. டாக்டர் அதன் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை வழித்து, மூக்குக்குள் ஒரு புல்லை விட்டுக் குடைந்தார். நான் என் துப்பட்டாவால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது தும்மியது. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாய் எழுந்து வந்து கன்றை நக்கியபோதுதான் எனக்கு மூச்சே திரும்பியது. யாரோ தோத்திரம் சொன்னார்கள். டீச்சர் மட்டும், "இது எங்க விளைக்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எல்லோரும் கிளம்பும்போது செயலாளர் தோட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியில் வெள்ளை என்று ஒரு இடம் மிச்சமில்லை.

"கடாக்குட்டி ஆக்கும், இல்லியா?" என்றார். "அப்போ இதுவும் ஒருநாள் போவும்."

"போவும் அண்ணாச்சி" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் மற்றக் காலையும் தேய்த்துக் கழுவினார். "வீட்டுல மரச்சீனியும் போத்தெறச்சியும் வச்சிருப்பா. நானும் தின்னத்தான் போறேன்" என்று சங்கடமாகச் சிரித்தார். பிறகு, "இருக்குதவரைக்கும் நல்லா மேயட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் கடாவை நான் அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகு பிறந்தவற்றிலும் சிலதை அனுப்பியிருக்கிறேன். அனுப்புகிற நாளில் மனசு கனக்கத்தான் செய்யும். என்ன தொழில் இது என்றுகூடத் தோன்றும். அப்போதெல்லாம், வீட்டில் இறைச்சிக்குழம்பு கொதித்துக்கொண்டிருப்பது தெரிந்தே, ஒரு சினையெருமையின் மேல் ஏறி மிதிக்க மனம் வராமல் நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். என்றோ போகப் போகிற உயிர்தான் என்றாலும், என் புல்லில் நிற்கிற நாள்வரை அதற்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று மனசு சமாதானப்படும்.